இங்கிலீஷ் அம்மா

பாக்யலட்சுமிக்குத் தெரிந்த இங்கிலீஷை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். கம், கோ, சிட், ஈட், பாத், ஸ்லீப், நோ, குட் பாய், டோன்ட் க்ரை, அப்பா கமிங். இன்னும் நாலைந்து தேறும். இதை வைத்துக்கொண்டுதான் அவள் ஒரு பிள்ளையைப் பெரியவனாக்கினாள்.

வாய் செத்தவள் என்று நினைத்துவிட வேண்டாம். தமிழில் அவள் பேச ஆரம்பித்தால், கோலார் தங்கவயலின் பாலகாட்டில், சுரங்கத்து ஆட்களுக்குக் கட்டிய அந்த லைன் வீடுகளின் கடைசி வரைக்கும் கேட்கும். புடவைக்கு ஃபால்ஸ் தைப்பது அவள் பிழைப்பு. புடவை கொண்டு வந்தவள் கொடுத்தோம் போனோம் என்று கிளம்ப முடியாது. உட்கார வைத்து, டீ போட்டுக் கொடுத்து, மாமியார் கதை, மருமகள் கதை எல்லாவற்றையும் கறந்துவிட்டுத்தான் விடுவாள். கன்னடக்காரி வந்தால் கன்னடம், தெலுங்குக்காரி வந்தால் தெலுங்கு. ஊருக்கெல்லாம் அத்தனை பேச்சு வைத்திருந்தவள், பெற்ற பிள்ளைக்கு மட்டும் பத்துப் பதினைந்து வார்த்தைதான் வைத்திருந்தாள்.

அவளாக வைக்கவில்லை. வைக்கச் சொன்னார்கள்.

மகன் அனிலுக்கு நாலு வயதாகியும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டான். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு தையல் மிஷினுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். புருஷன் மனோகரும் அவளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆட்டிசம் என்றார்கள். பேச்சுப் பயிற்சிக்கு இருந்த அம்மாள், வீட்டில் என்ன பாஷை பேசுகிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டாள். தமிழ், வெளியில் கன்னடம், பக்கத்து வீட்டில் தெலுங்கு, டிவியில் இந்தி என்று பாக்யலட்சுமி கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "ஒந்தே பாஷே," என்று ஒற்றை விரலைக் காட்டினாள். ஒரே பாஷை. ஸ்கூலில் எதுவோ அதுவே வீட்டிலும். கலந்து பேசினால் பிள்ளை குழம்பிப்போகும், அப்புறம் எந்தப் பேச்சும் வராது. அவ்வளவுதான், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டாள். ஏன், எதற்கு, எவர் சொன்னது என்று கேட்க இவர்களுக்கும் தோன்றவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் எதிர்க்கேள்வி கேட்கிற பழக்கம் நமக்கு எங்கே இருக்கிறது.

எந்த பாஷை என்பது ரயிலில் திரும்பி வரும்போதே முடிவாகிவிட்டது.

"இங்கிலீஷே இருக்கட்டும்," என்றான் மனோகர். "நம்ம ஊருக்கு இங்கிலீஷ் இன்னா புதுசா? வெள்ளக்காரன் காலத்துல இருந்து நம்ம வூட்டுல இருக்கற பாஷதான?"

வேறு எந்த ஊர்க்காரனும் இப்படி ஒரு கணக்குப் போட்டிருக்கமாட்டான். கோலார் தங்கவயல்காரன் போடுவான். எழுதப் படிக்கத் தெரியாத கிழவர்கூட ஷிஃப்ட், ஷாஃப்ட், லெவல், கேஜ் என்று பேசுகிற ஊர். அதை இங்கிலீஷ் என்று நம்பிவிட்டார்கள், பாவம். இருட்டுக்குள் இறங்கி ஏறுவதற்குப் போதுமான அந்த வார்த்தைகளைக் கொண்டு ஒரு குழந்தையைக் கொஞ்ச முடியுமா என்று யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

முதலில் மாட்டிக்கொண்டவர் பாக்யலட்சுமியின் அப்பா காத்தவராயன். சுரங்கத்திலேயே ஆயுசைக் கழித்தவர், பெண்டாட்டி போன பிறகு மகள் வீட்டோடு இருந்தார். "இன்னாடி அநியாயம் இது, பேரன்கிட்ட பேசறதுக்கு நான் இஸ்கூலுக்குப் போவணுமா?" என்று குதித்தார். மகள் விடவில்லை. கடைசியில் அவராக ஒரு வழி கண்டுபிடித்தார். சுரங்கத்தில் ஆளை ஏற்றி இறக்குகிற கூண்டைப் போலப் பையனை இரண்டு கையிலும் தூக்கி "கேஜ் அப்" என்பார். இறக்கி "கேஜ் டவுன்" என்பார். பையன் சிரிப்பான். தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடந்த பேச்சு வார்த்தை அவ்வளவுதான். நெஞ்சுச் சளி முற்றிப் படுக்கையில் கிடந்தபோது, கதவோரம் நின்ற பையனைப் பார்த்து, "அனிலு, இங்க வாடா கண்ணு," என்று கை நீட்டினார். பாக்யலட்சுமி, "அப்பா, இங்கிலீஷ்," என்று நினைவுபடுத்தினாள். அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கம்," என்றார். அந்த வாரமே போய்ச் சேர்ந்தார்.

இத்தனை செய்தும் பேச்சு வந்ததா? சில வார்த்தைகள் வந்தன. அம்மாவுக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு. இங்கிலீஷ் மீடியம் ஸ்கூலும் அஞ்சாம் கிளாஸோடு, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டது. அதற்குப் பிறகு அனில் வீடுதான். அம்மாவின் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் சேர். புடவைக்கு எந்த நிற நூல் பொருந்தும் என்று பார்த்து எடுத்துக் கொடுப்பான்.

அந்தச் சேரில் அவன் உட்கார்ந்திருக்க, அவனுக்கு முன்னாலேயே பாக்யலட்சுமி அவனைப் பற்றிப் பேசினாள். வருகிறவளெல்லாம் கேட்பாள், பையன் இப்படியேதானா, கல்யாணம் காட்சி உண்டா, உங்களுக்கப்புறம் யார் பார்ப்பார்கள் என்று. இவளும் மறைக்காமல் கொட்டுவாள். பையனுக்குத்தான் தமிழ் தெரியாதே. அந்த வீட்டில் தமிழ் என்பது பெரியவர்கள் ரகசியம் பேசுகிற பாஷையாக ஆகிவிட்டிருந்தது. மத்தியானம் ஆனால் போன். பூதிகோட்டையில் வாழ்க்கைப்பட்ட அவள் அக்கா தங்கம்மா பேசுவாள். அக்காவிடம் பேசும்போது கட்டாயம் அழுகை வரும். அழுது முடிக்கிற இடத்தில் ஒரே பேச்சுதான் வரும்: "அக்கா, நான் கண்ண மூடறதுக்கு ஒரு நாளு முன்ன இவன் கண்ண மூடிட்டான்னா நான் நிம்மதியா போய்ச் சேருவேன்."

இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்ற எத்தனையோ பேர் இதைச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லும்போது அதில் ஆசை கிடையாது, பயம்தான். தனக்குப் பிறகு இவனுக்கு யார் டீ போட்டுக் கொடுப்பார்கள், யார் கை பிடித்து ரோடு தாண்டி விடுவார்கள் என்கிற பயம். அது பாக்யலட்சுமிக்குத் தெரியும், தங்கம்மாவுக்கும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து நூல் பிரித்துக்கொண்டிருந்தவனுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

அனிலுக்குப் பத்தொன்பது நடக்கும்போது ஒரு சனிக்கிழமை ஷாலினி வந்தாள். ஊரிலிருந்த பௌத்த விஹாரத்துக் காரியங்களை எடுத்துச் செய்கிற தம்மபாலனின் மகள். பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை, தினமும் ரயிலில் போய் வருகிறவள். அம்மாவின் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொண்டு வந்தாள். பேசும்போது முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தே பேசினாள். திமிர் பிடித்த பெண் என்று பாக்யலட்சுமி நினைத்துக்கொண்டாள்.

ஷாலினி புடவையைக் கொடுத்துவிட்டு அனில் பக்கம் திரும்பினாள். "உன் பேரு இன்னா?"

"அவனுக்குத் தமிழ் வராதும்மா. இங்கிலீஷ்தான்."

"பாலகாட்டுல பொறந்து தமிழ் வராதா?"

"டாக்டருங்க சொன்னாங்க, ஒரே பாஷன்னு."

"யாரு சொன்னாங்க? காரணம் சொன்னாங்களா? நீங்க கேட்டீங்களா?"

போலீஸ்காரி மாதிரி கேட்கிறாளே என்று பாக்யலட்சுமிக்கு எரிச்சல் வந்தது. "உனக்கு இன்னாத்துக்கும்மா அதெல்லாம்?"

"நானும் ஆட்டிசம்தான் ஆன்ட்டி," என்றாள் ஷாலினி, தனக்கும் சளிதான் என்பதைப் போல.

பாக்யலட்சுமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயா? நீ நல்லாதான பேசிக்கினு இருக்கற?"

"பேசறேன். அந்த ட்ரெயின் கூட்டத்துல போய்ட்டு வந்து, லைட்ட ஆஃப் பண்ணிட்டு ஒரு மணி நேரம் படுத்துக்கினு இருந்தாதான் பேச முடியும். காலேஜ் முடிக்கறப்பதான் எனக்கே தெரிஞ்சுது. அதுவரைக்கும் எல்லாரும் திமிருன்னாங்க."

பாக்யலட்சுமி சட்டென்று டீ போட எழுந்துவிட்டாள்.

ஷாலினியும் அவளைப் போன்ற நாலைந்து இளைஞர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் விஹாரத்தின் பின்னறையில் கூடினார்கள். பெங்களூரில் இதே போன்ற ஒரு கூட்டம் ஷாலினிக்குக் கை கொடுத்திருந்தது. அதை இவள் இங்கே கொண்டு வந்திருந்தாள். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் ஏற்கனவே இதில் அடிபட்டு வந்த ஒருவர் துணை. அந்தத் துணைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் மேட். சுரங்கத்தில் ஆட்களை விடுவதற்கு முன்னால் தான் போய்க் கூரைக் கல் ஆடுகிறதா என்று தட்டிப் பார்க்கிறவருக்குத்தான் அந்தப் பெயர். டாக்டர், டீச்சர், அப்பா, அம்மா யாரும் மேட் ஆக முடியாது. அதோடு அங்கே இன்னொரு வேலையும் நடந்தது. தங்களைப் பற்றித் தாங்களே ஆராய்ச்சி செய்தார்கள். எங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எங்களிடம் கேட்பதில்லை, அதனால் நாங்களே கேட்டு நாங்களே எழுதுகிறோம் என்பாள் ஷாலினி.

"பெரியவங்க எல்லாம் வெளிய உக்காருங்க," என்று முதல் ஞாயிற்றுக்கிழமையே பாக்யலட்சுமியை வாசலில் நிறுத்திவிட்டார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. பத்தொன்பது வருஷமாகப் பிள்ளையைக் கண்ணை விட்டு அகலவிடாதவள். செருப்புகளோடு செருப்பாக உட்கார்ந்து, உள்ளே ஏதாவது சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே யாரோ சிரித்தார்கள். இரண்டாவது தடவை சிரித்தது அனில்.

அனிலுக்கு ஷாலினிதான் மேட். அவள் அவனைப் பேசச் சொல்லவே இல்லை. அங்கே வருகிற ஷெர்வின் என்கிற பையன், கூட்டம் கண்டால் பேச்சு அடைத்துப்போகிறவன், போனில் எழுதித்தான் பேசுவான். அவன் தன் பழைய போனை அனிலிடம் கொடுத்தான். ஒரு மாதம் கழித்து பாக்யலட்சுமியின் போனுக்கு மகனிடமிருந்து முதல் செய்தி வந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தாள். டீ, நோ சுகர்.

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இத்தனை வருஷமாக அவனுக்கென்று ஒரு ஸ்பூன் சர்க்கரை அதிகமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். மனோகர் வேலையிலிருந்து போன் செய்தபோது முதல் வேலையாக அதைத்தான் சொன்னாள். "ஏங்க, அவனுக்கு சக்கர புடிக்காதாங்க."

பாக்யலட்சுமி வீட்டில் கேட்டது ஷாலினியின் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. அந்த வருஷத்து ஆராய்ச்சியே அதுவாகிவிட்டது. எந்த பாஷையை நிறுத்தச் சொன்னார்கள், யார் சொன்னார்கள், காரணம் சொன்னார்களா? ராபர்ட்சன்பேட்டையில், பாலகாட்டில், பூதிகோட்டை வரைக்கும் பஸ் பிடித்துப் போய் வீடு வீடாகக் கேட்டார்கள். அனில் கூடவே போனான். போனில் பதிவு செய்வது அவன் பொறுப்பு. சட்டைப் பையில் போனைச் செருகி வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவன் மாதிரி அவன் கிளம்புவதை வாசலில் நின்று பார்க்கையில் பாக்யலட்சுமிக்கு நெஞ்சு நிறைந்துபோகும். திருஷ்டி பட்டுவிடுமோ என்று வாயைத் திறந்து யாரிடமும் சொல்லமாட்டாள்.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் முறையாகப் பெரியவர்களை உள்ளே கூப்பிட்டார்கள். மனோகரும் வந்திருந்தான். ஷாலினி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு தாங்கள் கண்டுபிடித்ததைச் சொன்னாள். கேட்ட வீடுகளில் பாதிக்கு மேல் தாய் பாஷையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவருக்கும் காரணம் சொல்லவில்லை. வெளிநாட்டிலும் நம் நாட்டிலும் இதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் எழுதியதைத் தேடிப் படித்தோம். இரண்டு மூன்று பாஷை கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குக் கெடுதல் என்று எங்கேயும் நிரூபணம் ஆகவில்லை. அதனால் உங்கள் பாஷையிலேயே பேசுங்கள். அப்படித்தான் நோட்டீஸ் அடித்து அங்கன்வாடிகளில் கொடுக்கப்போகிறோம்.

பாக்யலட்சுமி எழுந்து நின்றாள். "அப்ப நான் தமிழ்ல பேசியிருக்கலாமா?"

"பேசியிருக்கலாம் ஆன்ட்டி."

"மொதல்ல இருந்தேவா?"

"மொதல்ல இருந்தே."

அவள் உட்காரவில்லை, அழவும் இல்லை. படுக்கையிலிருந்து நீட்டிய அப்பாவின் கைதான் கண்ணுக்குள் வந்து நின்றது. சாகக் கிடந்த மனுஷனிடம் இங்கிலீஷ் கேட்டவள் தான். மடியில் போட்டுத் தூங்கவைக்கையில் பாட நினைத்த பாட்டு, சாப்பிட அடம்பிடித்தபோது சொல்ல வாயில் வந்த கதை, காய்ச்சலில் கிடந்தபோது அடிவயிற்றிலிருந்து வந்த கண்ணே ராசா எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, டோன்ட் க்ரை, டோன்ட் க்ரை என்று முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒற்றை விரலைக் காட்டிய அந்த அம்மாளின் முகம்கூட இப்போது நினைவில்லை. முகம் தெரியாத ஒருத்தியிடம் எப்படிப் போய்ச் சண்டை போடுவது?

"இங்கிலீஷ்னு சொன்னது நான்தான்," என்றான் மனோகர், வீட்டுக்கு நடந்து வரும்போது.  அனில் இரண்டு பேருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

நாளையிலிருந்து தமிழில் பேசுவது என்று மனதில் முடிவு செய்துகொண்டாள். மறுநாள் விடிந்தது. பேச வாயெடுத்தால் கூச்சமாக இருந்தது. புதிதாகக் கல்யாணமாகி வந்தபோது மனோகரிடம் பேச இப்படித்தான் இருந்தது அவளுக்கு. இதைச் சொல்லலாம், அதைச் சொல்லலாம் என்று நினைத்து நினைத்து, கடைசியில் வாயில் வந்தது, "அனில், கம், ஈட்." நாஸ்தா ஆயிற்று, மத்தியானச் சாப்பாடும் ஆயிற்று. அவன் நூல்கண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் கட்டாயம் ஆரம்பித்துவிடுவது என்று இருந்தாள்.

சாயங்காலம் ஷாலினி வந்துவிட்டாள். ஆபீசுக்கு லீவு போட்டிருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஆன்ட்டி, நேத்து எல்லாத்தயும் நான் சொல்லல. கடைசியா ஒரு கேள்வி கேட்டிருந்தோம், எங்க ஆளுங்ககிட்ட. உங்க வூட்டுல நிறுத்தின பாஷையில உங்களுக்கு நல்லா தெரிஞ்ச ஒரு வார்த்தை, இல்ல ஒரு வரி சொல்லுங்கன்னு. சாப்டியான்னு எழுதினாங்க. மழ வருதுன்னு எழுதினாங்க. அனிலும் எழுதினான்."

"அனிலா? தமிழ்லயா?"

"யாரோட பதிலயும் அவங்களக் கேக்காம வெளிய காட்டமாட்டோம். அவனக் கேட்டேன். 'அம்மா ஒன்லி'ன்னான். இத உங்களுக்குக் காட்டறது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல. அவன் காட்டச் சொன்னான், காட்டறேன்."

போனை நீட்டினாள். இங்கிலீஷ் எழுத்தில் இரண்டு வரி. அனிலுக்குத் தமிழ் எழுத்து யார் கற்றுக் கொடுத்தார்கள்? தெரிந்த எழுத்தில் எழுதியிருந்தான். பாக்யலட்சுமியும் பிள்ளைக்காகத்தான் அந்த எழுத்தைக் கற்றுக்கொண்டவள். ஆள்காட்டி விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டினாள். முதல் வார்த்தை அக்கா. சந்தோஷத்தில் ஷாலினியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். என் பிள்ளைக்குத் தமிழ் தெரிகிறது. அடுத்தது நான். அதற்கடுத்தது கண்ண. மூடறதுக்கு என்பதைக் கூட்ட முடியாமல் இரண்டு தடவை திரும்பப் படித்தாள். ஒரு நாளு என்பது வந்தபோது விரல் நின்றுவிட்டது. மிச்சத்தைப் படிக்கத் தேவைப்படவில்லை. அது அவளுக்கு மனப்பாடம்.

அந்த வாக்கியத்தைத் தங்கம்மாவிடம் எத்தனை மத்தியானங்களில் சொல்லியிருப்பாள்? ஒவ்வொரு மத்தியானமும் அந்த பிளாஸ்டிக் சேர் பக்கத்தில்தான் இருந்தது. அவனுடைய நாலு வயதுக்குப் பிறகு அவளுடைய தமிழில் அவனுக்கென்று ஒரு சொல்லும் வந்ததில்லை. அவனைப் பற்றி வந்ததை மட்டும் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டு, அம்மா கூப்பிட்டபோதெல்லாம் எழுந்து போய்ச் சாப்பிட்டிருக்கிறான்.

பாக்யலட்சுமி போனை மிஷின் மேல் வைத்துவிட்டு அவன் காலடியில் போய் உட்கார்ந்தாள். "அனிலு, கண்ணு, அம்மா தெரியாம சொல்லிட்டேன்டா. அம்மாவுக்கு அது மனசுல இல்லடா ராசா, பயத்துல சொன்னது..."

பூட்டி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது, அழுகையோடு. அனில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். முன்னும் பின்னும் ஆடினான். அவள் விடாமல் பேசப் பேச அவன் ஆட்டம் அதிகமாயிற்று.

"நோ டமில்," என்றான். "நோ டமில். டமில் அம்மா க்ரையிங். இங்கிலீஷ் அம்மா குட்."

"ஆன்ட்டி, நிறுத்துங்க," என்றாள் ஷாலினி.

அவள் நிறுத்தினாள். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். தன் பாஷை தன்னிடம் திரும்பி வந்துவிட்டது என்று நேற்றைக்கு நினைத்திருந்தாள். அதைக் கேட்கப் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை.

ஷாலினி வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் முகம் செத்துப்போயிருந்தது. "பேசுங்க பேசுங்கன்னு எழுதி வெச்சிருக்கேன். இத்தன வூட்டுல கேட்டேனே, புள்ளைங்க முன்னாடி அந்த பாஷையில இன்னா பேசினீங்கன்னு ஒரு வூட்டுலகூட கேக்கல ஆன்ட்டி."

அந்த நோட்டீஸை அப்படியே விட அவளுக்கு மனசு வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அனிலிடமே கொடுத்து, இதில் என்ன சேர்க்க வேண்டும் என்று கேட்டாள். அவன் வெகுநேரம் யோசித்து போனில் எழுதினான். உங்கள் பாஷையிலேயே பேசுங்கள் என்பதற்குக் கீழே அவன் வரியைத் தமிழில் போட்டார்கள்: எங்களை வைத்துக்கொண்டு எங்களைப் பற்றிப் பேசாதீர்கள், எங்களுக்குக் காது கேட்கிறது. அங்கன்வாடிகளில் ஒட்டினார்கள். ஒரு டீச்சரம்மா, பையன் கொஞ்சம் சூடாக எழுதியிருக்கிறானே என்றாளாம். சூடு இல்லாமல் என்ன செய்யும்?

பாக்யலட்சுமி வீட்டில் பேச்சு குறைந்துபோயிற்று. புடவை கொண்டு வருகிறவர்களுக்கு டீ உண்டு, கதை கிடையாது. பையன் எப்படி என்று யாராவது ஆரம்பித்தால், "இதோ இருக்கானே, அவனையே கேளுங்க," என்பாள். தங்கம்மா போன் செய்தால், "அக்கா, அவன் பக்கத்துல இருக்கான், இன்னொரு வாட்டி பேசறேன்," என்று வைத்துவிடுவாள். தங்கை மாறிவிட்டாள் என்று தங்கம்மாவுக்கு வருத்தம்.

ஆனாலும் சொன்னது சொன்னதாகவே அவனுக்குள் இருக்கிறதே. அதுதான் அவளை அரித்துத் தின்றது. சாரி என்று சொல்லிப் பார்த்தாள். கையிலிருந்த டீ சிந்தினால் சொல்கிற வார்த்தை அது, இதற்கு எப்படிப் போதும்? அவனைப் பார்த்து, நீ இருக்கணும், எனக்கப்புறமும் ரொம்ப வருஷம் இருக்கணும் என்று சொல்ல வேண்டும். அவன் கேட்கக்கூடிய பாஷையில் சொல்ல வேண்டும். அவளிடம் இருந்த இங்கிலீஷில் சாப்பிடச் சொல்லலாம், குளிக்கச் சொல்லலாம், தூங்கச் சொல்லலாம். வாழச் சொல்ல ஒரு வார்த்தையும் அதில் இல்லை.

ஷாலினியிடம் கேட்டாள். ஷாலினி சொல்லிக் கொடுத்தாள். தைக்கும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஒரு காலை, மனோகர் வேலைக்கு ரயிலேறப் போன பிறகு, சர்க்கரை இல்லாத டீயை அனில் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அனில். யூ லிவ் லாங். ஆஃப்டர் அம்மா ஆல்ஸோ. லிவ் லாங்."

அவன் டீயைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தான். காதைப் பொத்தவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"வித் ஹூ?" என்றான்.

 ஊர்க்காரிகளெல்லாம் அவளிடம் கேட்டது, அவள் அக்காவிடம் கேட்டு அழுதது, எல்லாம் இதைத்தானே. கேட்க வேண்டியவன் இன்றைக்குத்தான் கேட்கிறான். அவன் காத்திருந்தான். பதில் வருகிற வரைக்கும் காத்திருப்பவன் அவன்.

"வித் ஹூ, அம்மா?"

கடவுள் இருக்கிறார், ஷாலினி இருக்கிறாள், யாராவது பார்ப்பார்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஷாலினிக்கே அவள் அப்பா அம்மாவுக்குப் பிறகு யார்? பொய்யை அவனிடம் சொல்ல அவளால் முடியவில்லை.

"அம்மா டோன்ட் நோ," என்றாள்.

அனில் தலையை ஆட்டினான். டீயை ஒரு வாய் குடித்தான்.

"மீ ஆல்ஸோ டோன்ட் நோ," என்றான்.